பல் மருந்தகத்தை இணையத் தாக்குதலிலிருந்து காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் இரண்டு மூன்று நாற்காலிகளோடு நடக்கும் பல் மருந்தகங்களை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. அங்கே தனியாகக் கணினிப் பிரிவு இருக்காது. முகப்பில் இருப்பவரோ நிர்வாகியோதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். அவரே செய்துகொள்ளக்கூடியது எது, விற்பனையாளரிடம் கேட்டு வாங்க வேண்டியது எது என்று பிரித்துச் சொல்லியிருக்கிறோம்.

எங்களுடையது சின்ன மருந்தகம். எங்களை யார் தாக்கப்போகிறார்கள்?

பெயரையும் முகவரியையும் பார்த்துத் தேர்ந்தெடுத்து வருகிறவர்கள் குறைவு. இணையத்தில் திறந்து கிடக்கும் வழிகளைத் தானியங்கி நிரல்கள் இரவு பகலாகத் தேடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் ரூட்டரில் 3389 என்ற போர்ட் (தொலைவிலிருந்து விண்டோஸ் கணினியை இயக்கும் இணைய வாசல்) திறந்திருந்தால், அது வங்கியா பல் மருந்தகமா என்று அந்த நிரல் பார்ப்பதில்லை. உள்ளே நுழைந்த பிறகுதான் என்ன கிடைத்திருக்கிறது என்று மனிதர் ஒருவர் உட்கார்ந்து பார்ப்பார். அவர் கண்ணில் படுபவை: அடையாள அட்டை எண், பிறந்த தேதி, வீட்டு முகவரி, கைப்பேசி எண், மருத்துவ வரலாறு. மோசடிக்காரருக்கு இவ்வளவும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. அதோடு, முன்பதிவுப் பட்டியலும் எக்ஸ்ரே படங்களும் இல்லாமல் உங்களால் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

2018-இல் பொது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த்தில் 15 லட்சம் நோயாளிகளின் தரவு திருடப்பட்டதை எல்லாரும் அறிவோம். 2021 ஆகஸ்டில் இங்குள்ள தனியார் கண் மருந்தகம் ஒன்று ரேன்சம்வேரில் சிக்கியபோது சுமார் 73,000 பேரின் தகவல் பாதிக்கப்பட்டது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரலைத்தான் ரேன்சம்வேர் என்கிறோம்.

பெரும்பாலும் எந்த வழியாக உள்ளே வருகிறார்கள்?

நான்கு வழிகள். முதலாவது, முகப்புக் கணினிக்கு வரும் மின்னஞ்சல்: காப்புறுதிக் கோரிக்கை, விண்ணப்பக் கடிதம், பொருள் விநியோகிப்பாளரின் விலைப்பட்டியல் என்று ஏதோ ஒரு வேடத்தில் வரும். இரண்டாவது, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் வசதி. பழுது பார்க்க என்று ஒருநாள் திறந்துவிட்டது மூடப்படாமலே இருக்கும். மூன்றாவது, வேறெங்கோ கசிந்த கடவுச்சொல்லை இங்கும் பயன்படுத்தியிருப்பது. நான்காவதுதான் பலருக்குத் தோன்றாதது: உங்களுக்குச் சேவை தரும் நிறுவனமே தாக்கப்பட்டு, அதன் வழியாக உங்களிடம் வருவது.

நான்காவதற்குப் பல் மருத்துவத்திலேயே பெரிய எடுத்துக்காட்டு உண்டு. 2019 ஆகஸ்டில் அமெரிக்காவில் சுமார் 400 பல் மருந்தகங்கள் ஒரே நேரத்தில் முடங்கின. காப்புப்பிரதி எடுத்துத் தரும் சேவை ஒன்றின் வழியாகவே ரேன்சம்வேர் அவற்றுக்குள் இறக்கப்பட்டது. அந்த மருந்தகங்களின் ஊழியர் யாரும் தவறான இணைப்பைத் தட்டவில்லை.

எக்ஸ்ரே கணினியில் பழைய விண்டோஸ்தான் ஓடுகிறது. மேம்படுத்தினால் சென்சார் வேலை செய்யாது என்கிறார்கள். என்ன செய்வது?

இது உண்மையான சிக்கல். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடும் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடும் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. முழுத் தாடையையும் படமெடுக்கும் ஓபிஜி, முப்பரிமாணப் படமெடுக்கும் சிபிசிடி கருவிகளோ பத்துப் பன்னிரண்டு ஆண்டு உழைக்கும். கருவி நன்றாக இருக்கும்போது கணினிக்காக மட்டும் அதைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது.

முதலில் விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: இந்தக் கருவிக்கு விண்டோஸ் 11-இல் ஓடும் டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) இருக்கிறதா, எந்தப் பதிப்பு, என்ன செலவு? “முடியாது” என்று வாய்மொழியாகச் சொன்ன பலரும் எழுதிக் கேட்டால் பதிப்பு எண்ணைத் தேடித் தருவார்கள்.

உண்மையிலேயே முடியாது என்றால் அந்தக் கணினியை ஒரே வேலைக்கு ஒதுக்குங்கள். அதில் மின்னஞ்சல், உலாவி, வாட்ஸ்அப் எதுவும் கூடாது. இணையம் அறவே கூடாது. படங்களைச் சேமிக்கும் சர்வரோடு மட்டும், தேவையான போர்ட்டில் மட்டும் பேசும்படி ஃபயர்வாலில் (நெட்வொர்க்கில் எது போகலாம், எது வரலாம் என்று தடுக்கும் காவல் கருவி) விதி போடச் சொல்லுங்கள். விண்டோஸில் எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை இயங்கினால் நிறுத்துங்கள். 2017 மே மாதம் வான்னக்ரை என்ற ரேன்சம்வேர் உலகமெங்கும் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான். நோயாளி கொண்டுவரும் யூஎஸ்பியையும் சிடியையும் அதில் செருகாமல், வைரஸ் தடுப்பு மென்பொருள் உள்ள வேறு கணினியில் திறந்து பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

நிறுவ வந்தவர் விட்டுப்போன இரண்டு தடயங்களையும் தேடுங்கள். ஒன்று, படங்கள் இருக்கும் ஃபோல்டரில் “எல்லாருக்கும் முழு உரிமை” என்று பகிர்ந்திருப்பது. முகப்புக் கணினியில் ரேன்சம்வேர் புகுந்தால் பத்தாண்டு எக்ஸ்ரேயும் சில மணி நேரத்தில் பூட்டப்படுவது இதனால்தான். மற்றொன்று, மென்பொருள் மெதுவாக ஓடுகிறது என்று சி டிரைவ் முழுவதையும் வைரஸ் தடுப்புச் சோதனையிலிருந்து விலக்கியிருப்பது. விலக்கு தேவைதான் என்றால் தரவுத்தளக் கோப்புக்கும் படங்களின் ஃபோல்டருக்கும் மட்டும் போதும்.

நெட்வொர்க்கை எப்படிப் பிரிப்பது?

நோயாளிகளுக்கான வைஃபை, கண்காணிப்புக் கேமரா, அட்டைக் கட்டணக் கருவி, மருந்தகக் கணினிகள், எக்ஸ்ரேயும் சர்வரும் என ஐந்து கூட்டம் உண்டு. வேலைக்குத் தேவையான போர்ட்டைத் தவிர இவை ஒன்றையொன்று பார்க்கக்கூடாது. தொலைத்தொடர்பு நிறுவனம் இலவசமாகத் தந்த ரூட்டரில் பெரும்பாலும் விருந்தினர் வைஃபை ஒன்றை மட்டும் பிரிக்க முடியும். மற்றதற்கு விலேன் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும்) வசதியுள்ள ஃபயர்வாலும் சுவிட்ச்சும் வாங்கியாக வேண்டும். சிறிய மருந்தகத்துக்குத் தனியாகப் பணம் போடத் தகுந்த முதல் பொருள் எங்கள் பார்வையில் இதுதான்.

ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வர விட்டிருக்கும் வழிகளின் பட்டியலை, திறந்து பாருங்கள். வீட்டிலிருந்து கேமராவைப் பார்க்க யாரோ திறந்தது, பழைய விற்பனையாளர் திறந்தது என்று ஏதாவது இருக்கும். ஏன் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாத வரியை நீக்குங்கள். சாதனங்கள் தாமாகவே இப்படி வழி திறந்துகொள்ள விடும் யூபிஎன்பி வசதியையும் அணைத்துவிடுங்கள்.

காப்புப்பிரதி தினமும் எடுக்கிறோம். அது போதாதா?

போதுமா என்பதை ஒரே ஒரு வேலைதான் சொல்லும்: அதிலிருந்து மீட்டுப் பார்ப்பது. “வெற்றிகரமாக முடிந்தது” என்ற பச்சைக் குறியை நம்பாதீர்கள். பல் மருந்தகங்களில் காப்புப்பிரதி கைவிடும் விதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன.

வெளி வன்தட்டு ஆண்டு முழுக்கச் சர்வரிலேயே செருகிக் கிடக்கும். ரேன்சம்வேர் முதலில் தேடுவதே அதைத்தான். மூலமும் பிரதியும் ஒன்றாகப் பூட்டப்படும். கோப்புகளை மேகச் சேமிப்போடு ஒத்திசைக்கும் வசதியும் காப்புப்பிரதி ஆகாது. பூட்டப்பட்ட கோப்பையும் அது உண்மையாகவே ஒத்திசைத்துவிடும். பழைய பதிப்புகள் எத்தனை நாள் வைக்கப்படுகின்றன என்பதில்தான் அதன் பயன் இருக்கிறது.

அடுத்தது தரவுத்தளம். மருந்தக மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் தரவுத்தளக் கோப்பை அப்படியே நகலெடுத்தால், கோப்பு பூட்டியிருப்பதால் விடுபட்டுப்போகும். அல்லது பாதி எழுதிய நிலையில் நகலாகும். தரவுத்தளத்தின் சொந்தக் காப்பு வசதியால் முதலில் பிரதி எடுத்து, அந்தப் பிரதியைத்தான் வெளியே அனுப்ப வேண்டும். எக்ஸ்ரே மென்பொருளில் படங்கள் ஒரு ஃபோல்டரிலும், எந்தப் படம் யாருடையது என்ற அட்டவணை தரவுத்தளத்திலும் இருக்கும். ஒன்றை மட்டும் மீட்டால் பெயரில்லாத ஆயிரக்கணக்கான படங்கள்தான் மிஞ்சும். இரண்டும் ஒரே நேரத்துப் பிரதியாக இருக்க வேண்டும்.

பலர் மறப்பது சென்சாரின் அளவீட்டுக் கோப்பு. ஒவ்வொரு சென்சாருக்கும் அதன் வரிசை எண்ணுக்கென்றே தனிக் கோப்பு உண்டு, சிபிசிடிக்கும் உண்டு. அது போனால் கணினியை மறுபடி நிறுவிய பிறகும் படம் ஒழுங்காக வராது. விற்பனையாளரின் பொறியாளர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். உரிமக் குறியீடுகளையும் நிறுவல் கோப்புகளையும் அதோடு சேர்த்து வையுங்கள்.

எப்படி அமைப்பது? மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று மருந்தகத்துக்கு வெளியே என்பது பழைய விதி. அதோடு, குறிப்பிட்ட நாள்வரை யாராலும் அழிக்கவோ மாற்றவோ முடியாத பிரதி ஒன்று இருக்கட்டும். மேகச் சேமிப்பில் இதை இம்யூட்டபிள் என்பார்கள். 30 நாளுக்குக் குறையாமல் வைக்கச் சொல்லுங்கள். ஊடுருவியவர் உடனே பூட்டாமல் வாரக்கணக்கில் உள்ளே இருந்து பார்ப்பதும் உண்டு என்பதால் ஏழு நாள் பிரதி பல நேரம் உதவாது. கைக்கெட்டும் செலவில் இன்னொரு வழி, இரண்டு வன்தட்டுகளை வாரம் மாற்றி மாற்றிச் செருகி, செருகாததைப் பூட்டி வைப்பது. வன்தட்டுகள் குறியாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். தொலைந்துபோன வன்தட்டும் தரவுக் கசிவுதான்.

மீட்க எவ்வளவு நேரமாகும் என்பதையும் கணக்கிடுங்கள். சிபிசிடி படம் ஒன்று சில நூறு மெகாபைட் வரும். ஒரு நாளைக்கு மூன்று எடுத்தால் ஆண்டுக்குச் சுமார் 300 ஜிகாபைட். மேகத்திலிருந்து நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 1 டெராபைட் இறங்க ஏறத்தாழ 22 மணி நேரம் ஆகும். அதனால் முன்பதிவும் நோயாளிக் குறிப்பும் முதலில், படங்கள் பின்னர் என்று வரிசையை இப்போதே முடிவு செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சர்வர் அல்லாத வேறு கணினியில் முழுமையாக மீட்டு, ஐந்து நோயாளிகளின் குறிப்பையும் எக்ஸ்ரேயையும் திறந்து பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள்.

மேகத்தில் ஓடும் மென்பொருளுக்கு மாறிவிட்டால் கவலை தீருமா?

சர்வரைப் பற்றிய கவலை குறையும். கணக்கைப் பற்றிய கவலை கூடும்: முகப்பு ஊழியரின் ஒரு கடவுச்சொல் போனால் உலகின் எந்த மூலையிலிருந்தும் நோயாளிப் பட்டியல் முழுவதையும் இறக்கிக்கொள்ளலாம். இரட்டை உறுதிப்பாடு கட்டாயமா, மொத்தப் பட்டியலை ஏற்றுமதி செய்யும் உரிமையை யாருக்கெல்லாம் தடுக்கலாம், யார் எப்போது எதைத் திறந்தார் என்ற பதிவு கிடைக்குமா, நாம் விலகினால் தரவை எந்த வடிவத்தில் தருவீர்கள் என்று வாங்குமுன் கேளுங்கள்.

“எங்கள் மென்பொருள் குறியாக்கம் செய்யப்பட்டது” என்ற விளம்பர வரியோடு நின்றுவிட வேண்டாம். அமெரிக்காவில் பல் மருத்துவ மென்பொருள் விற்கும் பெரிய நிறுவனம் ஒன்று, தன் குறியாக்கம் தொழில்துறைத் தரத்தில் இருப்பதாகத் தவறாகச் சொன்னதற்காக 2016-இல் 250,000 டாலர் கட்டியது. எந்த முறை, எந்த நிலையில் என்று எழுத்தில் வாங்குங்கள்.

விற்பனையாளர் தொலைவிலிருந்து பழுது பார்க்க வேண்டியிருக்கிறது. அதை மூட முடியாதே?

மூட வேண்டாம், சாவியை உங்கள் கையில் வையுங்கள். ஆள் இல்லாமலே உள்ளே வரும் நிரந்தர அனுமதியை நீக்கி, ஒவ்வொரு முறையும் மருந்தகத்தில் ஒருவர் ஒப்புதல் அழுத்தினால்தான் இணைப்பு கிடைக்கும்படி மாற்றுங்கள். ஒரே கடவுச்சொல்லை எல்லா மருந்தகங்களுக்கும் வைத்திருக்கும் பராமரிப்பாளர்கள் உண்டு. நேரடியாகக் கேட்டு மாற்றச் சொல்லுங்கள். “நாங்கள் உங்கள் எக்ஸ்ரே நிறுவனம், கணினியைத் திறந்துவிடுங்கள்” என்று அழைப்பு வந்தால், ஒப்பந்தத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே திரும்ப அழையுங்கள்.

கணினிப் பராமரிப்பு, மென்பொருள், எக்ஸ்ரே, கேமரா, கணக்காளர், பழைய இணையப்பக்க வடிவமைப்பாளர் என யார் யாரிடம் உள்ளே வரும் வழி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் தரவைக் கையாளும் நிறுவனம் கசிவை அறிந்தால் தாமதிக்காமல் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஒப்பந்தத்தில் அதை 24 மணி நேரம் என்று எண்ணால் எழுதிக்கொள்வது நல்லது.

எல்லாரும் ஒரே பெயரில் நுழைகிறோம். நோயாளிகள் காத்திருக்கும்போது வெளியேறி மறுபடி நுழைய நேரமில்லை.

பொதுக் கணக்கில் யார் என்ன செய்தார் என்று பின்னால் தெரியவே தெரியாது; வேலையை விட்டுப் போனவரின் கையிலும் அந்தக் கடவுச்சொல் இருக்கும். தனித்தனிக் கணக்கு, ஆறு இலக்க பின் எண்ணால் அல்லது கைரேகையால் திறக்கும் விண்டோஸ் வசதி, ஐந்து நிமிடத்தில் தானாகப் பூட்டும் திரை: இவை சேர்ந்தால் சில நொடிதான் ஆகும். அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை யாருக்கும் வேண்டாம், மருத்துவர் உட்பட.

சிங்பாஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மெடிசேவ், சாஸ் கோரிக்கைகளை அனுப்ப ஒருவருடைய சிங்பாஸை இன்னொருவர் பயன்படுத்தும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அந்தச் சாவி அவருடைய மத்திய சேமநிதிவரை எல்லாவற்றையும் திறக்கும். நிறுவனங்களுக்கான கோர்ப்பாஸில் அந்தந்த ஊழியருக்கு உரிய உரிமையைக் கொடுங்கள். வேலையை விட்டுப் போகும் அன்றே எடுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் முன்பதிவு, பேநவ்வில் கட்டணம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

மருந்தகத்துக்கென்று தனி எண், தனி கைப்பேசி. வாட்ஸ்அப்பில் இரண்டு படி உறுதிப்பாட்டைப் போட்டு ஆறு இலக்க எண் வையுங்கள். “இணைக்கப்பட்ட சாதனங்கள்” பட்டியலை வாரம் ஒருமுறை பார்த்துத் தெரியாததை நீக்குங்கள். கணக்கு பறிபோனால் உங்கள் பெயரிலேயே நோயாளிகளிடம் முன்பணம் கேட்பார்கள்.

பணம் போவது பெரும்பாலும் விலைப்பட்டியலில்தான். இம்ப்ளான்ட் விநியோகிப்பாளரின் மின்னஞ்சலில் ஊடுருவியவர் உண்மையான உரையாடலின் நடுவே “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று எழுதுவார். எழுத்துநடை, தொகை, ஆர்டர் எண் எல்லாம் சரியாக இருக்கும். கணக்கு எண் மாறியதாக வரும் எந்தச் செய்திக்கும், ஏற்கெனவே உங்களிடம் உள்ள தொலைபேசி எண்ணில் பேசி உறுதி செய்யாமல் ஒரு வெள்ளிகூட அனுப்பக்கூடாது. உங்கள் அஞ்சல்பெட்டியில் வரும் அஞ்சலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் தெரியாத “முன்அனுப்பு” விதி ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஊடுருவியவர் முதலில் செய்வது அதுதான். சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்ட் உதவி எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.

ரசீதுகளை அடையாள அட்டை எண்ணைக் கடவுச்சொல்லாக வைத்து அனுப்புகிறோம். சரியா?

வேண்டாம். அடையாள அட்டை எண்ணைக் கொண்டு ஆளை உறுதிப்படுத்துவதையும் கடவுச்சொல்லாக வைப்பதையும் நிறுத்துமாறு தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையமும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் 2025 ஜூனில் கூட்டாகக் கேட்டுக்கொண்டன. பிறந்த தேதியையும் அதோடு சேர்த்து வைப்பதால் பாதுகாப்பு கூடுவதில்லை.

திரையில் பணம் கேட்கும் செய்தி வந்துவிட்டது. முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது?

நெட்வொர்க் கம்பியைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். எது பாதிக்கப்பட்டது என்று தேடிக்கொண்டிருக்காமல் எல்லாக் கணினியையும் பிரியுங்கள். காப்புப்பிரதி வன்தட்டு செருகியிருந்தால் அதை எடுங்கள். கணினியை அணைக்க வேண்டாம். நினைவகத்தில் தடயம் இருக்கும். நெட்வொர்க்கிலிருந்து பிரிக்க வழியே இல்லையென்றால் மட்டும் அணைக்கலாம். திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து, நேரத்தை எழுதுங்கள். பராமரிப்பாளரைத் தொலைபேசியில் அழையுங்கள். உங்கள் மின்னஞ்சலை ஊடுருவியவரும் படித்துக்கொண்டிருக்கலாம். கடவுச்சொற்களைத் தொடப்படாத வேறு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். சுத்தமான காப்புப்பிரதியை அவசரத்தில் பாதிக்கப்பட்ட கணினியில் செருகிவிடாதீர்கள். மிச்சமிருந்த ஒரே பிரதியும் அப்படித்தான் போகும்.

நாற்காலியில் இருக்கும் நோயாளியை மறக்கக்கூடாது. மருத்துவ வரலாறு திரையில் இல்லாதபோது நினைவை நம்பிப் பல் பிடுங்குவது ஆபத்து. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, பெனிசிலின் ஒவ்வாமை, எலும்பு வலுவுக்கான பிஸ்பாஸ்போனேட் எல்லாவற்றையும் தாளில் புதிதாகக் கேட்டு எழுதுங்கள், சந்தேகமிருந்தால் தள்ளிப்போடுங்கள். இதற்காகவே ஒவ்வொரு மாலையும் மறுநாள் முன்பதிவைப் பெயர், தொலைபேசி எண், ஒவ்வாமைக் குறிப்போடு அச்சிட்டுப் பூட்டிய இழுப்பறையில் வைத்து, மறுநாள் முடிந்ததும் கிழித்துப்போடும் பழக்கம் நல்லது.

தீபாவளி, சீனப் புத்தாண்டு போன்ற நீண்ட விடுமுறைக்கு முந்தைய இரவு ஊடுருவுபவர்களுக்குப் பிடித்த நேரம். அன்று யாரை அழைப்பது என்பதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

யாருக்கு அறிவிக்க வேண்டும்? எத்தனை நாளில்?

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 2021 பிப்ரவரி 1 முதல் அறிவிப்பது கட்டாயம். 500 பேர் அல்லது அதற்கு மேல் பாதிக்கப்பட்டாலோ, ஒருவருக்குப் பெரும் தீங்கு விளையக்கூடும் என்றாலோ, அறிவிக்க வேண்டியதுதான் என்று மதிப்பிட்ட மூன்று நாட்காட்டி நாளுக்குள் ஆணையத்திடம் சொல்ல வேண்டும். சனி ஞாயிறும் கணக்கில் சேரும். மதிப்பீட்டையே பொதுவாக 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். இரண்டு நாற்காலி மருந்தகத்திலும் 500 பேர் சில மாதத்தில் சேர்ந்துவிடுவார்கள். அதோடு, பல் குறிப்பு மட்டும்தானே என்று எண்ண வேண்டாம். மருத்துவ வரலாற்றுப் படிவத்தில் எச்ஐவி போன்ற குறிப்புகள் இருக்கும்.

“தரவு வெளியே போகவில்லை” என்று சொல்ல ஆதாரம் வேண்டும். ஃபயர்வால் பதிவுகளைக் குறைந்தது மூன்று மாதம், சர்வருக்கு வெளியே சேமிக்கச் சொல்லுங்கள். காவல்துறையில் புகார் செய்யுங்கள். இணையப் பாதுகாப்பு அமைப்பின் சிங்சர்ட் பிரிவுக்கும் தெரிவிக்கலாம். அபராதம் பத்து லட்சம் வெள்ளிவரை போகலாம். ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடி வெள்ளியைத் தாண்டிய நிறுவனத்துக்கு விற்றுமுதலில் 10 விழுக்காடு அதைவிடக் கூடுதலானால் அதுவரையும் போகலாம். தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிப்பது ஒரு மருத்துவர் நடத்தும் மருந்தகத்துக்கும் கட்டாயம்.

கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டால்?

கொடுக்காதீர்கள் என்பதே இங்குள்ள அதிகாரிகளின் அறிவுரை, எங்களுடையதும் அதுதான். சாவி வந்தாலும் பெரிய தரவுத்தளக் கோப்புகள் பழுதாகித் திறப்பது உண்டு. திருடிய நகலை அழித்துவிட்டதாக அவர்கள் சொல்வதைச் சரிபார்க்க வழியில்லை. கொடுத்தாலும் அறிவிக்கும் கடமை நீங்காது.

ஊழியர்களுக்கு என்ன பயிற்சி தருவது?

ஆண்டுக்கு ஒருமுறை காணொளி காட்டுவதைவிட, “தட்டிவிட்டேன்” என்று ஒருவர் பயமின்றி உடனே சொல்லக்கூடிய சூழல் மதிப்புள்ளது. சிங்ஹெல்த் விசாரணைக் குழு 2019 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையிலும், அடையாளங்களைக் கவனித்த ஊழியர்கள் இருந்தும் உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்பது முக்கியக் குறையாக வந்தது. ஒரு நிமிடத்தில் சொன்னால் ஒரு கணினியோடு போகும். திட்டுக்குப் பயந்து மாலைவரை மறைத்தால் மருந்தகமே போகும். முதலாளி இதை வாயால் சொல்ல வேண்டும், பணியாளருக்குப் புரியும் மொழியில். தமிழோ மாண்டரினோ மலாயோ.

எங்கிருந்து தொடங்குவது?

இந்த வாரம் போர்ட் ஃபார்வர்டிங், தொலைநிலை அனுமதி, மின்னஞ்சலுக்கு இரட்டை உறுதிப்பாடு, இவற்றுக்குச் செலவில்லை. இந்த மாதம் காப்புப்பிரதியை மீட்டுப் பார்ப்பது. அதன் பிறகு ஃபயர்வால். இணையப் பாதுகாப்பு அமைப்பின் சைபர் எசென்ஷியல்ஸ் சான்று, சொத்துப் பட்டியல், பாதுகாப்பு, புதுப்பித்தல், காப்புப்பிரதி, எதிர்வினை என்று ஐந்து தலைப்பில் கேள்விகளைத் தருகிறது. சான்று வாங்காவிட்டாலும் அந்தப் பட்டியலை எடுத்து நிரப்பிப் பாருங்கள்.

பழைய எக்ஸ்ரே கருவியைக் கொடுத்துப் புதிது வாங்குகிறோம். கவனிக்க ஏதாவது?

கருவியோடு வந்த கணினியின் வன்தட்டில் நோயாளிகளின் படங்களும் பெயர்களும் இருக்கும். விற்பனையாளர் எடுத்துப் போகுமுன் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அல்லது அழித்ததற்கு வரிசை எண்ணோடு எழுத்துச் சான்று வாங்குங்கள். விண்டோஸில் ஃபார்மட் செய்வதை மட்டும் நம்ப வேண்டாம். மருந்தகத்து நகலெடுக்கும் இயந்திரத்திலும் வன்தட்டு இருக்கக்கூடும். வாடகை முடிந்து திருப்பித் தரும்போது அதையும் கேளுங்கள்.